பிணத்தின் வலது கையில் வாட்ச்

எங்கள் இயக்குநர் போன வாரம் ஒரு பேட்டி கொடுத்தார். பிணத்தின் வலது கையில் வாட்ச் இருந்தது தற்செயல் அல்ல, பல மாதங்கள் தூக்கத்தைத் தொலைத்து யோசித்த கதை உத்தி என்று அதில் சொன்னார். சொல்லும்போது கண்களை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினார். பேட்டி எடுத்த பெண்ணும் ஆட்டினாள். அவர் தூக்கத்தைத் தொலைத்தவர் அல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மானிட்டருக்கு முன்னால் அவர் தூங்குவதை நான் அன்றாடம் பார்க்கிறவன். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். அவரை எழுப்புவதற்கென்றே ‘கட்’ என்று உரக்கக் கத்தும் கூடுதல் பொறுப்பைக் கேமராக்காரர் சுமந்துகொண்டிருக்கிறார்.

அந்தப் பிணம் என் சித்தி. அந்த வாட்சும் அவளுடையது. அந்த உத்தியும், அதை உத்தி என்று சொல்லலாம் என்றால், அவள் கையிலிருந்து வந்ததுதான். எனக்குக் கோபம் வருகிறது. வரக் கூடாதா?

தொடரின் பெயர் ‘அங்கேயும் இங்கேயும்’. துப்பறியும் தொடர். துப்பறிவாளருக்கு இரண்டு உலகங்கள். ‘இங்கே’ என்ற உலகத்தில் அவர் கட்டைப் பிரம்மச்சாரி. ‘அங்கே’ என்ற உலகத்தில் கல்யாணமானவர். இங்கே ஒருவன் கொலை செய்துவிட்டுத் தடயமே இல்லாமல் தப்பித்திருப்பான். அங்கே அதே ஆள் அதே கொலையைச் செய்துவிட்டு மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பான். நம் ஆள் ஒரு பச்சைக் கதவைத் திறந்து அங்கே போவார், மூக்குக்கண்ணாடியைப் பார்ப்பார், மனைவியிடம் நாலு திட்டு வாங்குவார், திரும்பி வந்து இங்கே கொலைகாரனைப் பிடிப்பார். இன்னொரு உலகத்துச் சாட்சியத்தை நீதிமன்றம் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று கதையில் யாரும் கேட்டதில்லை. யாராவது கேட்க வாயெடுத்தால் இடி இடிக்கும்.

இடி எங்களுக்கு உயிர்நாடி. யாராவது கடிதத்தைப் பிரித்தால் இடி. உப்பு டப்பாவைத் திறந்தால் இடி. ஆனால் வெளியே நிஜமாகவே இடி இடித்தால் ஷூட்டிங்கை நிறுத்திவிடுவோம். சத்தம் சரியில்லை என்பார் ஒலிப்பதிவாளர். இடி முடிந்ததும் கேமரா ஒவ்வொரு முகமாக நெருங்கும். எல்லாரும் அதிர்ச்சியடைந்து முடித்தபின், யாராவது விட்டுப்போயிருப்பார்களோ என்று மறுபடியும் ஒரு சுற்று நெருங்கும். ஒருமுறை அறையில் பூனை இருந்தது. பூனையையும் நெருங்கினோம். பூனைதான் நன்றாக நடித்தது. இதனால் இயக்குநருக்கு அவர் முதுகுக்குப் பின்னால் ‘ஜூம்’ என்று பெயர்.

பிறகு ‘புரியலையே சார்’ இருக்கிறார். அது வசனம் மட்டும் அல்ல, ஒரு மனிதர். துப்பறிவாளரின் உதவியாளராக வருவார். துப்பறிவாளர் எதையாவது கண்டுபிடித்ததும் இவர் “புரியலையே சார்” என்பார். உடனே துப்பறிவாளர் பார்வையாளர்களுக்கு எல்லாவற்றையும் விளக்குவார். தொடர் ஆரம்பித்ததிலிருந்து இந்த மனிதருக்கு வேறு வசனம் கிடையாது. நிஜத்தில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். கடைத்தெருவில் ஜனங்கள் அவரைப் பார்த்து, “இப்பவாச்சும் புரிஞ்சுதா?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் என் வேலை கண்டினியூட்டி. ஒரு காட்சியில் பாதி குடித்த தம்ளர் அடுத்த காட்சியில் நிறைந்திருக்கக் கூடாது. சட்டைப் பொத்தான் தானாகத் திறந்துகொள்ளக் கூடாது. கல்லூரியில் பேராசிரியர்களைப் பற்றிக் கைப்பத்திரிகை நடத்திய காலத்திலிருந்தே அடுத்தவர் குறையைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஓர் ஆர்வம். இங்கே அதற்குச் சம்பளமே தருகிறார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஜூம் திரும்பிப் பார்க்காமலேயே “கண்டினியூட்டி?” என்பார். நான் “ஓகே சார்” என்பேன். அப்புறம்தான் கேமரா ஓடும்.

மற்ற தொடர்களைவிட எங்கள் தொடரில் இந்த வேலைக்கு மதிப்பு அதிகம். காரணம், எங்களுக்கு இரண்டு உலகம், ஒரே செட். ஒரே சமையலறை, ஒரே காவல் நிலையம், ஒரே பிணவறை. ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கில் எல்லாம் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கும். காலையில் அது இங்கே, மதியம் அதுவே அங்கே. பச்சைக் கதவுகூட ஓய்வு நேரத்தில் காவல் நிலையத்துக் கழிப்பறைக் கதவாக வேலை பார்க்கிறது. இது எந்த உலகம் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆரம்பத்தில் ஜூம் அங்கே நடக்கும் காட்சிகளுக்கு மஞ்சள் வெளிச்சம் போட்டுப் பார்த்தார். அந்த உலகத்தில் எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி இருந்தது. புகை போட்டார், ஹீரோ இருமிக்கொண்டே மனைவியைக் காதலித்தார். அந்த வாரம்தான் அங்கே இருக்கும் மனைவியாக நடிக்க என் சித்தி முதல் நாள் வந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். நடிக்க வந்த காலத்திலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் அழும் வேடமும் பிண வேடமும்தான். பிணமாக நடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஈ மூக்கின்மேல் உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள். “நல்லா செத்தீங்க மேடம்” என்று பாராட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். இந்தத் தொடரில்தான் முதல்முறையாக அவளுக்கு உயிர் கொடுத்தார்கள். அதுவும் இரண்டு உயிர்! அங்கே அவள் துப்பறிவாளரின் மனைவி. இங்கே அவள் பிணங்களை அறுத்துப் பார்க்கும் டாக்டர். துப்பறிவாளரை யாரென்றே தெரியாது. அவர் மட்டும் அவளை அடையாளம் தெரிந்துகொண்டு உள்ளுக்குள் உருகுவார். தொடரில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். பிணவறைக் கதவில் டாக்டர் பெயர்ப்பலகையை மாட்டிய அன்று சித்தி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “பாருடா, இந்த அறைக்குள்ள நான் நின்னுட்டு வேலை செய்யப் போறேன்,” என்றாள்.

முதல் நாள் அவள் தன் சொந்த வாட்சோடு வந்திருந்தாள். சித்தி இடக்கைக்காரி. எழுதுவது, வெட்டுவது, என் காதைத் திருகுவது எல்லாம் இடது கையால். அதனால் வாட்ச் வலது கையில்.

ஜூம் கத்தினார். “எந்த மடையனாவது வலது கையில வாட்ச் கட்டுவானா?”

“இடக்கைக்காரங்க கட்டுவாங்க சார்,” என்றாள் சித்தி பணிவாக.

கேமராக்காரர்தான் யோசித்துச் சொன்னார்: “சார், இது நல்லா இருக்கே. அங்கே எல்லாருக்கும் வலது கையிலேயே கட்டிடலாமே. இங்கே எல்லாருக்கும் இடது கை. புகையும் வேணாம், காமாலையும் வேணாம்.”

ஜூம் காதில் விழாதவர் போல மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலை எல்லாரையும் நிற்க வைத்து, தனக்கு விடியற்காலையில் தோன்றியது என்று அதே யோசனையை அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம். சித்தியும் தட்டினாள். அதுதான் முதல் திருட்டு.

ஜனங்கள் அந்த வாட்சைப் பிடித்துக்கொண்டார்கள். என் அம்மாவே சாட்சி. அம்மா டிவியோடு பேசுகிறவள். “டேய், அவன் கையைப் பாரு, வலது. அப்ப கொலைகாரன் அங்கே இருக்கான். உப்புமா மாதிரி முழிக்காம கதவைத் திறந்து ஓடி வாடா!” என்று துப்பறிவாளருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து வழி சொல்வாள். ஒருநாள்கூடக் குழம்பியதில்லை.

இப்படி இருக்கும்போது சேனலிலிருந்து ஒருவர் வந்தார். கையில் மடிக்கணினி, முகத்தில் வருத்தம். மரண அறிவிப்பு சொல்ல வந்தவர் போல எல்லாரிடமும் தாழ்ந்த குரலில் பேசினார்.

“ஆய்வு பண்ணியிருக்கோம். பார்க்கிறவங்களுக்கு ரெண்டு உலகம் புரியல. குறிப்பா வீட்டுப் பெண்களுக்கு.”

“யார்கிட்ட கேட்டீங்க சார்?” என்றேன்.

“ஆய்வுல வந்திருக்கு தம்பி.”

“இல்ல, எந்த வீட்டுப் பெண்கள்கிட்ட?”

“என் மனைவிக்கே புரியல,” என்றார். ஆய்வு அங்கேதான் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த அம்மாள் தொடரைப் பார்ப்பதே இல்லை என்பது பின்னால் அவருடைய டிரைவர் சொல்லித் தெரிந்தது.

முடிவு இதுதான்: பச்சைக் கதவு மூடப்படும். அங்கே என்ற உலகம் ரத்து. இனிமேல் இங்கே மட்டும். அதோடு, இங்கே இருக்கும் டாக்டரும் வேண்டாம். “கொஞ்சம் இளமையா ஒரு டாக்டர் வந்தா ஃப்ரெஷ்ஷா இருக்கும்,” என்றார் சேனல்காரர். டாக்டர் இங்கே கொலையாவாள். அவளுடைய மேஜையிலேயே அவள் கிடப்பாள். துப்பறிவாளர் ஜூமில் அழுவார். கதை முடிந்தது. ஒரே வாரத்தில் என் சித்திக்கு இரண்டு உயிரும் போகும்.

அன்று வீட்டில் அம்மா கரண்டியை வைத்த வேகத்தில் அடுப்பே ஓரடி நகர்ந்திருக்கும்.

“யாருக்குடா புரியல? எனக்குப் புரியலையா? பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரியலையா? அவங்களுக்குக் கண்ணே சரியாத் தெரியாது, அவங்களே வாட்சைப் பார்த்துச் சொல்றாங்க!”

“விடுக்கா,” என்றாள் சித்தி.

“என்ன விடுறது? நீ போய்க் கேளுடி. வாயைத் திறந்து கேளு. வாழ்க்கை முழுக்கப் பிணமாவே இருந்து பழகிட்ட.”

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. அம்மாவும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இடி இடிக்கவில்லை. நிஜமான அதிர்ச்சிக்கு அது வருவதே இல்லை.

மறுநாள் சித்தி கேட்டாள். ஜூமின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, வாட்சை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

“சார், டாக்டர் ஊரைவிட்டு மாத்தலாகிப் போன மாதிரி வச்சுக்கலாமே. பின்னால எப்பவாவது வேணும்னா...”

“மேடம்,” என்றார் ஜூம் கனிவாக. “இது சாதாரண சாவு இல்ல. கௌரவமான சாவு. உங்களுக்கு மட்டும் நாலு ஜூம் வச்சிருக்கேன். பெரிய பெரிய ஆர்ட்டிஸ்ட்டுக்கே நான் ரெண்டுக்கு மேல வச்சதில்ல.”

“செத்தப்புறம் ஜூம் எதுக்கு சார்?”

“அதுதான் நடிப்பு.”

சித்தி திரும்பி நடந்தாள். செட்டில் எனக்கும் அவளுக்கும் ஒரு விதி உண்டு. உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. நான் மேடம் என்பேன், அவள் தம்பி என்பாள். எங்களுக்கும் இரண்டு உலகம். அன்று அவள் என்னைக் கடக்கும்போது தாழ்ந்த குரலில், “டேய், குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வா,” என்றாள். விதி அங்கேயே உடைந்தது.

கொலைக் காட்சி எடுக்கும் நாள் வந்தது. பிணவறை செட். நடுவில் ஸ்ட்ரெச்சர், அதில் சித்தி, கழுத்து வரை வெள்ளைத் துணி. இங்கே நடக்கும் காட்சி என்பதால் வாட்சை இடது கையில் கட்டியிருந்தாள். கட்டியதை நானே பார்த்துச் சரி சொன்னேன். மேக்கப் அண்ணன் உதட்டுக்கு நீலம் தடவிவிட்டு, “மன்னிச்சுக்கங்க மேடம்,” என்றார். அவளுக்குப் பதிலாக வரப்போகும் இளம் டாக்டரும் வந்திருந்தாள். பாவம், நல்ல பெண்தான். பிணவறைக் கத்தரிக்கோலைப் பழக்கம் பண்ணிக்கொள்ளட்டும் என்று கையில் கொடுத்திருந்தார்கள். அவள் அதைக் கொண்டே நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு சிக்கல். பிணவறையின் இடப்பக்கச் சுவருக்குப் பின்னால் சமையலறை செட் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கேமராவை வைக்க இடமில்லை. வலப்பக்கம் மட்டும்தான் வைக்க முடியும். கேமராவுக்குப் பிணத்தின் வலது கைதான் தெரிந்தது. வாட்ச் கட்டிய இடது கை அந்தப் பக்கம் துணிக்குள் மறைந்துபோனது.

ஜூம் மானிட்டரைப் பார்த்தார். பொங்கினார்.

“வாட்ச் எங்கய்யா? வாட்ச் தெரியாம இது எந்த உலகம்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? உத்தியே அதுதானே! எத்தனை தடவை சொல்றது?”

காஸ்ட்யூம்காரர் ஓடினார். “அந்தக் கையில இருக்கு சார்.”

“அந்தக் கையில இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்? கேமராவுக்குத் தெரியற கையில கட்டு. துணியை விலக்கு. கையைக் கீழ தொங்கவிடு. வாட்ச் பளிச்சுனு தெரியணும். நாலு ஜூமும் அந்த வாட்சுலதான்!”

காஸ்ட்யூம்காரர் இடது கையிலிருந்து வாட்சைக் கழற்றினார். வலது கையில் கட்டினார். தொங்கவிட்டார்.

நான் மட்டும் அல்ல, அங்கே நின்ற எத்தனை பேர் பார்த்தார்கள்! எந்த உலகம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற ஆவேசத்தில் மனிதர் உலகத்தையே மாற்றிவிட்டார். பக்கத்தில் அழ நிற்கும் துப்பறிவாளருக்கு வாட்ச் இடது கையில், அதனால் அறை இங்கேதான்; பிணத்துக்கு மட்டும் வலது கை என்றால் அவள் அங்கே உள்ளவள். அப்படியானால் ஸ்ட்ரெச்சரில் கிடப்பது டாக்டர் அல்ல. அங்கே இருக்கும் மனைவியின் உடலை யாரோ பச்சைக் கதவு வழியாக இழுத்துக்கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள். டாக்டர் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள்! இடியைப் போடும் பையனுக்குக்கூட இது தெரியும். ஆனால் ஜூம் கத்தும்போது யார் வாயைத் திறப்பார்கள்? அதைத் திறக்கச் சம்பளம் வாங்குகிறவன் ஒருவன்தான். நான்.

திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். ‘சார்’ என்பதில் ‘சா’ வரைக்கும் நாக்கில் வந்துவிட்டது. ஒரு பொத்தானுக்காக ஷாட்டை நிறுத்தியிருக்கிறேன். ஒரு தம்ளருக்காக ஹீரோவை மறுபடி அழ வைத்திருக்கிறேன். பழக்க தோஷம்.

அப்போது பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

ஈ உட்கார்ந்தாலும் அசையாத என் சித்தி, தொழிலில் ஒரு முறைகூடக் கண் சிமிட்டாத என் சித்தி, ஒரே ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. வீட்டில், பூரிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி அப்பளத்தை நீ எடுக்கிறாயா என்று கேட்கும் அதே பார்வை. பிறகு மூடிக்கொண்டாள்.

“கண்டினியூட்டி?” என்றார் ஜூம், திரும்பிப் பார்க்காமல்.

எனக்கு ஆய்வு ஞாபகம் வந்தது. வீட்டுப் பெண்களுக்குப் புரியவில்லையாம். சரி, புரியாதவர்களுக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன?

“ஓகே சார்,” என்றேன்.

பக்கத்தில் ‘புரியலையே சார்’ தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார், தொங்கும் கையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கணிதம் படித்தவர் அல்லவா. நாலு ஜூமும் போனது. பிணம் பிரமாதமாக நடித்தது.

எடிட்டர் ஒரு தடவை போன் செய்தார். “தம்பி, இந்தப் பிணம் அங்கேயா, இங்கேயா?”

“டைரக்டரே சொல்லிக் கட்டினது சார்.”

“அவரே சொன்னாரா? அப்ப நான் வாயைத் திறக்கல,” என்று வைத்துவிட்டார். எங்கள் யூனிட்டில் சரிபார்ப்பு இப்படித்தான் நடக்கிறது.

ஒளிபரப்பான அன்று நானும் சித்தியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் சுவரோரம் சாய்ந்து, கால்களைக் கட்டிக்கொண்டு. அம்மாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தங்கையின் சாவைப் பார்க்க மாட்டேன் என்று சமையலறைக்குள் இருந்தாள். ஆனால் இடி இடித்ததும் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். துப்பறிவாளர் பிணவறைக்குள் வந்தார். தொங்கும் கை தெரிந்தது. முதல் ஜூம் இன்னும் போய்ச் சேரவே இல்லை.

“வலது கை!” என்று கத்தினாள் அம்மா. “டேய், வலது கைடா! இது இவ இல்ல, அவ! டாக்டர் சாகல! ஏய் மடையா, அழாதடா, கையைப் பாரு, அவ சாகல!” கரண்டியால் டிவித் திரையையே தட்டினாள். துப்பறிவாளர் கேட்காமல் அழுதுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து, கண் சரியாகத் தெரியாத அக்காவின் குரல் வந்தது: “அது அங்கே உள்ளவ! கதவு வழியா தூக்கிட்டு வந்துட்டாங்க!” எதிர்வீட்டு மாடியிலும் ஏதோ சத்தம்.

சித்தி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார் ஜூம். முகம் சிவந்திருந்தது. மேஜையில் அவர் போன் துள்ளிக்கொண்டே இருந்தது. அதை எடுக்கப் பயந்து என்மேல் பாய்ந்தார்.

“மானத்தை வாங்கிட்டியே! ஊரே கேக்குது, பிணம் யாருன்னு. வலது கையில கட்டியிருக்கு, நீ ஓகேன்னு சொல்லியிருக்க. உனக்கு எதுக்குய்யா சம்பளம்? இதுக்கு முழுப் பொறுப்பும் நீதான். இன்னியோட நீ...”

சேனல்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் வருத்தத்தைக் காணோம். “சார்! என்ன மூளை சார் உங்களுக்கு! ஊர் முழுக்க இதே பேச்சு. டாக்டர் எங்கே, உடம்பை யார் கொண்டு வந்தது, கதவை யார் திறந்ததுன்னு. எங்களுக்கே சொல்லாம மறைச்சு வச்சிருந்தீங்களே!”

ஜூமின் விரல் என்னை நோக்கி நீட்டியபடியே நின்றது. முகத்தில் நடந்ததை நான் மிக நெருக்கத்தில் பார்த்தேன். நானே ஒரு கேமராவாகிவிட்டேன். முதலில் ஒன்றும் புரியாமை. பிறகு புரிதல். பிறகு, கடவுளே, அடக்கம்.

“சொன்னா சுவாரசியம் போயிடும் சார்,” என்றார். நீட்டிய விரல் மடங்கி என் தோளைத் தட்டியது. “இந்தப் பையன்கிட்டகூட நான் சொல்லல. பாருங்க, இப்பதான் அவனுக்கே விளக்கிட்டிருந்தேன்.”

“புரியலையே சார்,” என்றேன். எனக்கு அந்த வசனத்தைச் சொல்ல உரிமை இல்லை. தாங்க முடியவில்லை.

பச்சைக் கதவு பிழைத்தது. இரண்டு உலகமும் பிழைத்தது. வீட்டுப் பெண்களுக்கு எல்லாம் புரிகிறது என்று புது ஆய்வு வந்தது. இளம் டாக்டரைத் துப்பறிவாளரின் தங்கையாக்கினார்கள். பச்சைக் கதவைத் திறப்பது அவள்தான் என்று இனிமேல் சந்தேகம் வரும். ஜூம் பேட்டி கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு. பல மாதங்கள், தூக்கம், உத்தி. சித்தியின் பெயரைச் சொல்லவில்லை. “அந்த ஆர்ட்டிஸ்ட் நல்லா ஒத்துழைச்சாங்க,” என்றார். ஒத்துழைப்பு! பிணம் எப்படி ஐயா ஒத்துழைக்காமல் இருக்கும்?

“டேய், விடுடா,” என்றாள் சித்தி. “வேலை இருக்குல்ல, அது போதும்.” அம்மா விடவில்லை. டிவியை நோக்கி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

நேற்று சித்தி திரும்பி வரும் காட்சி. டாக்டர் ஒளிந்திருந்த இடத்திலிருந்து தன் பிணவறைக்கு வந்து, மேஜையில் கிடக்கும் தன் முகம் கொண்ட உடலைத் தானே பரிசோதிக்க வேண்டும். இரண்டும் அவளே. யூனிட் முழுவதும் கூடியிருந்தது. பெயர்ப்பலகையைத் துடைத்து மறுபடி மாட்டியிருந்தார்கள். சித்தி வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாட்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நேராக ஜூமிடம் வந்தாள். இந்த முறை வாட்சை உருட்டவில்லை.

“சார், இப்ப எந்தக் கையில கட்டணும்?”

ஜூம் அவளைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பல மாதங்கள் தூக்கம் தொலைத்த மனிதர்!

“அதான்... கேமராவுக்குத் தெரியற கையில,” என்றார். “வலது. வலதுலயே கட்டுங்க. அதானே ஹிட்டு.”

சித்தி மெதுவாக வலது கையை நீட்டி, வாட்சை மணிக்கட்டில் வைத்தாள். வார்ப்பட்டையை மாட்டவில்லை. தலையைத் திருப்பாமல் என்னைப் பார்த்தாள். அப்படியே கேமரா ஓடினால் டாக்டர் இங்கே இல்லவே இல்லை என்றாகிவிடும். அடுத்த வாரம் சேனல்காரர் மறுபடி வருத்த முகத்தோடு வருவார்.

“கண்டினியூட்டி?” என்றார் ஜூம், திரும்பிப் பார்க்காமல்.

“ஓகே இல்ல சார்.”

திரும்பினார். இந்த வேலைக்கு நான் வந்ததிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல்முறை.

“இவங்க உயிரோட இருக்கிற டாக்டர் சார்,” என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்தது. “இங்கே உள்ளவங்க. இங்கேன்னா இடது கை. வலதுன்னா அங்கே. முதல் நாள்லேருந்து அதான் விதி. அந்த விதியும் இவங்க கையைப் பார்த்துதான் வந்தது. இவங்க இடக்கைக்காரங்க. இது என் சித்தி. இது இவங்க வாட்ச்.”

இடி போடும் பையனின் கை பொத்தானில் தவறிப் பட்டிருக்க வேண்டும். கிடங்கு முழுக்க ஓர் இடி உருண்டது. கேமராக்காரர், தொழில் பக்தியில், ஜூமின் முகத்தை நெருங்கினார்.

சித்தி வாட்சை எடுத்து இடது கையில் கட்டிக்கொண்டாள். பெயர்ப்பலகை மாட்டிய கதவைத் திறந்து தன் பிணவறைக்குள் போனாள்.

பின்னாலிருந்து ஒரு குரல், நிதானமாக, எல்லாருக்கும் கேட்கும்படி, “இப்ப புரியுது சார்,” என்றது. அந்த வசனம் அவருக்கு எழுதப்பட்டதல்ல.